பழநிக்கு நடக்க வருகிறவர்கள் பத்திர வேலையைத் தள்ளி வையுங்கள்

தைப்பூசத்துக்கு நடக்க வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறீர்கள் என்றால், அந்த வாரத்தில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். போர்வை, மருந்து, கொசுவத்தி பற்றியெல்லாம் சொல்வதற்கு ஆள் இருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய உறவினர்கள்தான் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

செட்டிநாட்டிலிருந்து பழநிக்குக் காவடி போகும் வழக்கம் 400 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பழநிப் பக்கம் உப்பு வணிகம் செய்த நெற்குப்பைக் குமரப்பனிடமிருந்து அது தொடங்கியது என்பது நாங்கள் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த வரலாறு. ஊர் ஊராகப் புறப்படும் எங்கள் நகரத்தார் சமூகத்தின் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுசேரும். தேவகோட்டையிலிருந்து ரத்தினவேல் வரும். அங்கிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி. 150 கிலோமீட்டருக்குக் குறையாத நடை. பூசம் சனவரிப் பிற்பாதியிலோ பிப்ரவரி முற்பாதியிலோ வரும். காவடிகள் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகப் புறப்பட்டுவிடும். எனவே பூசத் தேதியைப் பார்த்து விமானச் சீட்டு எடுப்பவர்கள் நடையைத் தவறவிடுவார்கள். குன்றக்குடிப் புறப்பாடு எந்த நாள் என்று ஊரில் கேட்டு, அதற்குச் சில நாள் முன்பே வந்து சேருங்கள். சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்குத் திருச்சிதான் வசதி. விமான நிலையத்திலிருந்து காரைக்குடிக்கு இரண்டு மணி நேரம் போதும்.

சிங்கப்பூரில் 1968 வரை தைப்பூசம் பொது விடுமுறையாக இருந்தது. இப்போது விடுப்பு எடுத்துத்தான் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் கொண்டுபோகிறோம். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்து மறுநாள் அலுவலகம். எங்கள் ஐயா காலத்தவர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். ஆனாலும் காவடியைக் குன்றக்குடியிலிருந்து நடந்து கொண்டுபோய்ச் செலுத்துவதற்கு ஈடாக எதையும் அவர்கள் சொன்னதில்லை. அப்பச்சி, அதாவது என் அப்பா, காலமான பிறகு நான் நடக்க வந்ததும் அதனால்தான். அவர் கடைசி வரை நடக்க நினைத்து, நடக்காமலே போனார்.

நான் வரும் செய்தி எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. பெரியப்பச்சியின் மகன், எனக்கு அண்ணன், புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பினார்: "தம்பி, நடைக்கு வருகிறாயாமே, சந்தோஷம். அப்படியே வீட்டுப் பங்கு விஷயத்தையும் முடித்துவிடுவோம். சின்ன வேலை, அரை மணி நேரம்."

இந்த அரை மணி நேரத்தை நம்பாதீர்கள்.

எங்கள் வீடு பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முற்றமுள்ள அந்த வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் உள்வீடு. ஒருவர் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றாலும் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். அந்த மற்றவர்களில் பாதிப்பேர் சென்னையிலும் மீதிப்பேர் கடல் கடந்தும் இருக்கிறார்கள். செட்டிநாட்டில் வீடுகள் இடிவதற்குப் பணமில்லாமை மட்டும் காரணமில்லை. ஒரே தாளில் எல்லோருடைய கையெழுத்தும் சேராததும் காரணம். 2014இல் இந்த ஊர்களை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிலைகளும் தூண்களும் விலைக்கு நிற்கின்றன. அவற்றின் ஊடே நடந்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

அண்ணன் கேட்டது விடுதலைப் பத்திரம். இதைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடும் வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கை இன்னொரு பங்காளிக்கு முழுவதுமாக விட்டுக்கொடுப்பது. பதிவானால் அத்தோடு முடிந்தது. பிறகு மனம் மாறினால் நீங்களாக ரத்துச் செய்ய முடியாது. வீட்டைப் பழுதுபார்க்க, வரி கட்ட, மின் இணைப்பை மாற்ற உங்கள் சார்பில் ஒருவர் வேண்டுமென்றால் அதற்குப் பவர் பத்திரம் போதும். அதிலும் என்னென்ன வேலைக்கு என்று வரையறுத்து எழுதலாம். விற்கும் அதிகாரம் இல்லை என்று தெளிவாகச் சேர்க்கலாம். "எல்லாம் ஒன்றுதான் தம்பி, ஒரு கையெழுத்து" என்று யார் சொன்னாலும் ஒன்றல்ல. நகலை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு விமானம் ஏறுங்கள்.

எனக்கு நகல் வரவில்லை. நான் வந்திறங்கிய மறுநாள் காலை என்னைக் காரில் ஏற்றி ஒரு பத்திர எழுத்தர் முன்னால் உட்காரவைத்தார்கள். மூலப் பத்திரத்தில் அப்பச்சியின் பெயர் எங்கள் விலாசத்தோடு, அதாவது மூன்று தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகளோடு இருக்கிறது. சிங்கப்பூர் இறப்புச் சான்றிதழில் விலாசம் கிடையாது. பெயரும் தந்தை பெயரும் மட்டும். எழுத்துக்கூட்டலும் வேறு. என் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். மூன்று தாளும் ஒரே குடும்பத்தைச் சொல்கின்றன என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுத்தரின் தகப்பனாருக்கும் எங்கள் அப்பச்சியைத் தெரியும். ஆனால் தாள் ஒப்புக்கொள்ளவில்லை.

பெயர் வேறுபாட்டுக்கு நோட்டரி முன் உறுதிமொழி எழுதினோம். அது போதாது, இருவரும் ஒருவரே என்று வருவாய்த்துறையிலிருந்து சான்று வேண்டும் என்றார்கள். கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனால் அவர் தாலுகா அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். தாலுகா அலுவலகத்துக்குப் போனால் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். வாரிசுச் சான்றிதழில் என் தங்கையின் கணவர் பெயர் தவறாக அச்சாகியிருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். திருத்தத்துக்கு மறுபடி இ-சேவை மையத்தில் விண்ணப்பம். ஆதார் கேட்டார்கள். நான் ஓசிஐ அட்டைக்காரன், அதாவது இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமகன். கடந்த பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்காத எங்களுக்கு ஆதார் கொடுக்க மாட்டார்கள் என்று விதியைச் சொன்னேன். பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் காட்டினேன். "ஆதார் இல்லாமல் எப்படி சார்?" என்று அதே கேள்வி வேறொரு மேசையிலிருந்து திரும்ப வந்தது.

இதற்குத் தை மாதத்தைவிடப் பொருந்தாத மாதம் கிடையாது. மார்கழியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். தை பிறந்ததும் தேங்கியிருந்தவை எல்லாம் ஒரே மூச்சில் வரும். முகூர்த்த நாளென்றால் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள். அதற்கும் மேல் கூட்டம் நிற்கும். எங்களுக்குக் கிடைத்த டோக்கன் குன்றக்குடியில் காவடிகள் கூடும் நாளுக்கு. அண்ணன் "காலையிலேயே முடிந்துவிடும், மதியம் குன்றக்குடியில் இருப்போம்" என்றார். மதியம் சர்வர் வேலை செய்யவில்லை. நான்கு மணிக்கு எங்கள் முறை வந்தது. சார்பதிவாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, வாரிசுச் சான்றிதழ் திருத்தம் வராமல் எடுக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். அவர் செய்தது சட்டப்படி சரி. அதை ஒரு நாள் முழுவதும் எங்களை மரத்தடியில் நிற்கவைக்காமல் முதல் மேசையிலேயே சொல்லியிருக்கலாம்.

அலுவலக வாசலில் நின்றபடி, குன்றக்குடியிலிருந்து யாரோ அனுப்பிய காணொலியில் காவடிகள் மயில்தோகை அசையப் போவதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். அவருக்கும் அந்த வருடம் காவடி இருந்தது. தன் காவடியைத் தம்பி முறையுள்ள ஒருவர் தோளில் அனுப்பிவிட்டு, என் கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தார்.

அன்றிரவு பெரியாத்தா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "உன் அப்பச்சி இருந்திருந்தால் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்." பிறகு உள்வீட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்து முன்னால் வைத்தார். வெள்ளையடித்தது, நாட்டு ஓடு மாற்றியது, முற்றத்துத் தூம்பு அடைப்பு எடுத்தது, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதச் சம்பளம், கோயில் புள்ளி வரி, முன்னோருக்குப் படைக்கும் படைப்புச் செலவு. வருடவாரியாக, பங்குவாரியாக, பெரியப்பச்சியின் கையெழுத்திலும் பிறகு அண்ணனின் கையெழுத்திலும். எங்கள் பங்குக்கு நேரே நீண்ட காலமாக ஒன்றும் எழுதப்படவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சிங்கப்பூரில் எங்களுக்கு என்ன கஷ்டமோ என்று விட்டிருக்கிறார்கள். விடுதலைப் பத்திரம் கேட்ட கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த நோட்டுக்கு என்னிடம் பதிலும் இல்லை.

எனவே இதைச் செய்யுங்கள். பங்கு வீடு உள்ள எவரும் நடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே அந்த நோட்டைக் கேளுங்கள். உங்கள் பங்குச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்கிக் கட்டுங்கள். கடன் இருந்தால் பேச்சில் உங்கள் தலை குனிந்தே இருக்கும். குனிந்த தலையோடு எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். பத்திர வேலை உண்மையிலேயே தேவையென்றால் உங்கள் ஊரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டுத் தாளை அலமாரியில் வைத்திருப்பவர்கள் பலர். சிங்கப்பூர்ச் சான்றிதழ்களுக்கு, வேறு நாட்டிலும் செல்லுபடியாகும்படி உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கேயே கிடைக்கிறது. விலாசத்தோடு கூடிய முழுப்பெயரையும் பாஸ்போர்ட் பெயரையும் ஒன்றாகக் குறிப்பிடும் உறுதிமொழி ஒன்றைத் தகப்பனார் இருக்கும்போதே அவர் கையால் எழுதி வாங்கி வையுங்கள். அவர் போன பிறகு அதை எழுத ஆளில்லை. ஓசிஐ வைத்திருப்பவர்கள் விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் பரம்பரையாக வருவதைப் பெறலாம். "நீ வெளிநாட்டுக் குடிமகன், உனக்குப் பங்கே கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

நான் நத்தத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். இடையிலுள்ள வழியைப் பஸ்ஸில் கடந்தேன். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்ட திருப்பத்தூரையும் சேவுகப்பெருமாள் கோயில் கொண்டிருக்கும் சிங்கம்புணரியையும் சன்னலோரத்தில் உட்கார்ந்து தாண்டினேன். பாரியின் பறம்பு என்று சொல்லும் பிரான்மலை இருப்பதும் அந்தப் பக்கம்தான். தன் மலையை விட்டுப் பாரி மகளிர் நீங்கிய கதையைப் பள்ளியில் படிக்கும்போது அது எங்கள் வீட்டுக்கு இவ்வளவு அருகே நடந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் இந்தப் பகுதியை நடந்தே கடந்துவிடுங்கள்.

நடையைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இவை. இரவு இரண்டு மூன்று மணிக்கே எழுப்பிவிடுவார்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குள் பெரும்பகுதியை முடித்து, தோப்பிலோ மண்டபத்திலோ ஒதுங்கி, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி நடை. தை மாதம்தானே என்று நினைக்காதீர்கள். பகல் பதினொரு மணித் தார் வெறுங்காலைச் சுட்டுவிடும். சாலையோரத்து வெள்ளைக்கோட்டின் மீது ஆட்கள் வரிசையாக நடப்பதைப் பார்ப்பீர்கள். அங்கே சூடு குறைவு. நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரை ஏறக்குறைய 37 கிலோமீட்டர், மாமரமும் புளியமரமும் நிறைந்த வழி, விடியலில் குளிரும். திண்டுக்கல்லுக்குப் பிறகு பழநி 60 கிலோமீட்டர். அந்தச் சாலையில் லாரிகள் வேகமாக வரும். இரவில் ஒளிரும் பட்டை ஒட்டாமல் நடக்காதீர்கள். போலீஸாரும் தொண்டர்களும் வழியில் கொடுப்பார்கள். வாங்கிப் பையில் வைக்காமல் முதுகில் ஒட்டுங்கள். தூக்கக் கலக்கத்தில் வெள்ளைக்கோட்டுக்கு உள்ளே வந்துவிடுகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

மின்தூக்கியிலும் கம்பளத்திலும் பழகிய கால் நம்முடையது. வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் இருந்தால் சில மாதம் முன்பிருந்தே வெறுங்காலில் நடந்து பழகுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து செருப்போ காலுறையோ அணியுங்கள். அவர்களுக்குக் கொப்புளம் வந்தது வலியால் தெரியாது, சீழ் வைத்த பிறகுதான் தெரியும். கொப்புளத்தில் ஊசியால் நூல் கோத்து நீரை வடியவிடும் வழக்கம் வழியெங்கும் இருக்கிறது. செய்பவர்கள் அன்பாகச் செய்கிறார்கள், ஆனால் ஒரே ஊசி பல கால்களுக்குப் போகிறது. உங்கள் ஊசியை நீங்களே கொண்டுபோங்கள். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கல், புளியோதரை, மோர் என்று முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று பல சீமை மக்களும் அதே சாலையில் நடக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பந்திதான். இலையில் மிச்சம் வைக்காதீர்கள், அவர்களுக்கு மனம் வருந்தும். பெண்களோடு வருபவர்கள் கழிப்பறை வசதியை முன்பே விசாரியுங்கள். சில குழுக்கள் மண்டபம் பேசி வைத்திருக்கும், சில குழுக்களிடம் அந்த ஏற்பாடே இருக்காது. இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

குழு இல்லாமல் தனியாக நடக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பை போகும் சாமான் வண்டியும், விழுந்தால் தூக்கும் ஆளும் குழுவில்தான் கிடைக்கும். ஊரில் நடக்கும் பானக பூசையில் போய் உட்காருங்கள். அங்கே உங்களை யார் மகன், யார் பேத்தி என்று விசாரிப்பார்கள். அந்த விசாரணை முடிந்தால் வண்டியில் இடம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

நத்தத்தில் அண்ணன் எனக்கு முன்பே வந்து காவடியை வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய் விரித்து இடம் வைத்திருந்தார். பழநி வரை பத்திரத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. என் காலில் வேப்பெண்ணெய் தடவிவிட்டார். சர்க்கரைக் காவடியைத் தோள் மாற்றும்போது எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். அப்பச்சியும் அவரும் ஒருமுறை திண்டுக்கல் வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்த கதையைச் சொன்னார். எனக்கு அது தெரியாது.

பழநியில் மூன்று விஷயம். பூசத்தன்று தேர் ஓடுவது மலையில் அல்ல, ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயிலில். பார்க்க விரும்புபவர்கள் மாலையில் அங்கே இருக்க வேண்டும். மலைமேல் கைப்பேசி கொண்டுபோக 2023 அக்டோபர் முதல் தடை. கீழேயே ஒப்படைத்துவிடுங்கள், உங்கள் குழுவோடு மேலே சந்திக்கும் இடத்தைப் பேசி வையுங்கள். 693 படி; நடந்து வந்த கால் அதையும் ஏறிவிடும். விஞ்சுக்கும் ரோப் காருக்கும் நிற்கும் வரிசையில் நேரம் போவதைவிட யானைப்பாதையில் மெல்ல ஏறலாம்.

நகரத்தார் காவடிகள் பழநியிலிருந்து நடந்தே திரும்பும். இது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. எனக்கு விடுப்பு முடிந்துவிட்டதால் பஸ்ஸில் வந்தேன். முடிந்தவர்கள் திரும்பும் நடைக்கும் சேர்த்து விடுப்புக் கேளுங்கள். போகும்போது இருக்கும் கூட்டமும் ஒலிபெருக்கியும் இல்லாமல் பெரியவர்கள் பேசிக்கொண்டே வருவது அந்த வழியில்தான் என்று அண்ணன் சொன்னார்.

சிங்கப்பூர் வந்ததும் அந்த நோட்டின்படி எங்கள் பங்குச் செலவை என் கணக்கிலிருந்து அனுப்பி, நோட்டில் வரவு வைத்த பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூரை வேலைக்கு மட்டும் பவர் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை, இடப்போவதும் இல்லை. அண்ணனுக்கு வருத்தம்தான். மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் பேசியாகிவிட்டது என்று மட்டும் செய்தி அனுப்பியிருக்கிறார்.